பவர் பிஐ (தரவு வரைபட மென்பொருள்): மாதங்கள் தனித்தனி காலங்களாக (columns, நெடுவரிசைகளாக) இருந்தால் லைன் சார்ட் போடுவது எப்படி?

கேள்வி: எக்செல் ஷீட்டில் பொருள், மண்டலம், பிறகு Jan-24 முதல் Dec-24 வரை 12 காலங்கள், கடைசியில் 'மொத்தம்'. லைன் சார்ட்டில் போட்டால் ஒரே கோடாக வராமல் 12 சீரிஸ் (தனித்தனி கோடுகள்) வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: பவர் குவெரியில் (பவர் பிஐக்குள் தரவைச் சீராக்கும் பகுதி) முதலில் 'மொத்தம்' காலத்தை நீக்குங்கள், விட்டால் கூட்டுத்தொகை இரட்டிப்பாகும். பொருள், மண்டலம் இரண்டையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், 'அன்பிவட் அதர் காலம்ஸ்' (மற்ற காலங்களை வரிசைகளாக மாற்றும்). அட்ரிபியூட் (மாதப் பெயர்), வேல்யூ (அதன் எண்) என்று இரண்டு காலங்கள் கிடைக்கும். அடுத்த மாதம் புதுக் காலம் சேர்ந்தாலும் தானாகவே உள்ளே வரும். 'அன்பிவட் ஒன்லி செலக்டட்' வேண்டாம், அது காலப் பெயர்களை அப்படியே பதித்துவிடும்.

பதில் 2: அதற்கு முன் தானாக வரும் 'சேஞ்ச்டு டைப்' (எண், டெக்ஸ்ட், தேதி என வகை கொடுக்கும்) ஸ்டெப்பையும் அழித்துவிடுங்கள். அதிலும் பெயர்கள் பதிந்திருக்கும். ஒரு காலம் மாறினால் ரிஃப்ரெஷ் எரர் தரும். டைப்பை அன்பிவட்டுக்குப் பிறகு கொடுங்கள். இன்னொன்று: நல் (null, வெற்று) செல்கள் அன்பிவட்டில் வரிசையோடு காணாமல் போகும். உண்மையிலேயே விற்பனை இல்லை என்றால் மட்டும் முன்கூட்டியே 0 போடுங்கள். தகவல் வராத மாதத்துக்கும் 0 போட்டால் சராசரி கெடும்.

கேட்டவர்: ஒரே கோடு வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஏப்ரல்தான் முதலில் நிற்கிறது.

பதில் 1: அட்ரிபியூட் இன்னும் டெக்ஸ்டாக இருப்பதால் அகரவரிசை. முன்னால் '1-' சேர்த்து, '1-Jan-24' என்றாக்கி டேட் டைப்புக்கு மாற்றுங்கள். சேர்க்காவிட்டால் 24-ஐ நாளாக எடுத்துக்கொள்ளக்கூடும்.