புதுப்பிப்பு: அம்மாவின் தைராய்டும் கொலஸ்ட்ராலும்

அம்மாவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) 14, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லும் அதிகம், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு என்றார் மருத்துவர். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைகின்றன. எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்குகிறது. நாடித்துடிப்பு மந்தமாகும், ரத்தக்குழாய்கள் விறைத்து ரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறும். டிஎஸ்ஹெச் 10-ஐத் தாண்டியவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுவதை 2010-இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பும் காட்டியது.

அதனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை உடனே ஆரம்பிக்கவில்லை. தைராய்டு சரியாகாமல் அதைக் கொடுத்தால் தசைவலி வர வாய்ப்பு அதிகமாம். முதலில் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின், அதுவும் 25 மைக்ரோகிராம்தான். வயதானவர்களுக்கு எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் இதயத்துக்கு வேலை கூடி நெஞ்சுவலியோ படபடப்போ வரலாம். மெதுவாக ஏற்றினார்கள்.

இப்போது டிஎஸ்ஹெச் 3.8. எல்டிஎல் 178-லிருந்து 131. சர்க்கரையும் இருப்பதால் இனி ஸ்டாட்டின் வேண்டும் என்கிறார். மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், பலர் கேட்டது: தைராக்சின் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், காபி அரை மணி நேரமாவது கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.