யுகுலேலே: டேப் பார்த்து வாசித்தால் மெட்டு நடுவில் மேலே எகிறுகிறது, அவசரம்

புதுவிரல்: டேப்பில் (எந்தத் தந்தியில் எந்தக் கட்டம் என்று எண்ணால் காட்டும் தாள்) இருக்கிற பிரட் எண்ணைத்தான், அதாவது கழுத்துக் கட்டத்தின் எண்ணைத்தான், அப்படியே பிடிக்கிறேன், ஆனால் மெட்டு இறங்க வேண்டிய இடத்தில் திடீரென்று மேலே போகிறது. டியூனர் நாலு தந்திக்கும் பச்சை காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வரவேற்பில் வாசிக்க வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கடற்கரைக்காரன்: என்ன சைஸ்? எந்த ட்யூனிங்? டேப்பின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறது? இது எதுவும் சொல்லாமல் எப்படி?

சுருதிப்பெட்டி: தந்தி பழசாகியிருக்கும். தேய்ந்த தந்தியில் பிரட் ஏற ஏற சுருதி விலகும். முதலில் செட்டை மாற்றுங்கள்.

கடற்கரைக்காரன்: சுருதி விலகினால் அபஸ்வரமாகக் கேட்கும், எகிறாது.

புதுவிரல்: கான்சர்ட் சைஸ். நாலாவது தந்தியிலிருந்து ஜி சி இ ஏ, எல்லோரும் வைப்பதுதான்.

மரக்கட்டை: ஜி சி இ ஏ என்றால் பாதிதான் சொன்னதாகும். இங்கே பலமுறை எழுதிவிட்டேன், கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். நாலாவது தந்தியில் ரெண்டாவது பிரட்டை அழுத்தி மீட்டுங்கள், அப்புறம் முதல் தந்தியை வெறுமனே மீட்டுங்கள். ரெண்டும் ஒரே ஏ-வாகக் கேட்டால் உங்களுடையது ஹை ஜி, அதாவது நாலாவது தந்தி மேல் ஸ்தாயி ஜி; டேப் லோ ஜிக்கு, ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற ஜிக்கு எழுதியது. ஸ்தாயி காட்டாத டியூனர் ரெண்டுக்கும் பச்சைதான் காட்டும்.

திண்ணை: அதேதான். லோ ஜி 196 ஹெர்ட்ஸ், ஹை ஜி 392. ஹை ஜியில் மூணாவது தந்தியின் சி-க்குக் கீழே ஸ்வரமே கிடையாது, அதனால் நாலாவது தந்தியில் எழுதியதெல்லாம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இருக்கிற தந்தியைத் தளர்த்தி இறக்காதீர்கள், தொளதொளவென்று ஆகிவிடும். லோ ஜி தந்தி தனியாகக் கிடைக்கும், ஆனால் தடிமன், நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் சின்னக் கட்டை) இருக்கிற பள்ளம் போதாமல் போகலாம். ஞாயிறுக்குள் என்றால் பாட்டை ஏற்றிவிடுங்கள். ஜி மேஜரில் இருப்பதை சி மேஜருக்குக் கொண்டுபோனால் அந்தத் தாழ்ந்த ஜி, வெறும் சி தந்தியில் வந்து உட்காரும். யாராவது பாடுகிறார்களா? பாடினால் அவர்களுக்கும் சுருதி ஏறிவிடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மரக்கட்டை: ஏற்றுவதுதான் முறை. லோ ஜி போட்டால் அது சின்ன கிடார். எஃப், ஜி, ஏ மூன்றையும் ரெண்டாவது தந்தி முதல் பிரட், நாலாவது வெறும் தந்தி, முதல் வெறும் தந்தி என்று பிரித்து மீட்டிப் பாருங்கள், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக மணி போல நிற்கும். கம்பனெல்லா என்பது அதுதான். லோ ஜியில் நடு ஸ்வரம் தனியாகக் கீழே விழுந்துவிடும்.

கடற்கரைக்காரன்: 1879-ல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து ஹவாயின் ஹொனலுலு வந்தவர்களின் மச்சேத் என்ற சின்னத் தந்தி வாத்தியம் ஏறுவரிசை ட்யூனிங்தானே? கனடா பள்ளிகளில் சால்மர்ஸ் டோன் பரப்பிய முறையிலும் ஏ டி எஃப் ஷார்ப் பி, நாலாவது தந்தி தாழ்ந்த ஏ. மெட்டையும் கார்டையும் சேர்த்து வாசிக்க அதுதான் தோது. அந்தப் பிள்ளைகள் வாசித்தது யுகுலேலே இல்லையா?

சுருதிப்பெட்டி: லோ ஜி போடுவதானாலும் செட்டாகவே மாற்றட்டும், ஒன்று மட்டும் புதுசென்றால் மற்றதோடு ஒட்டாது.

புதுவிரல்: ரெண்டும் ஒரே ஏ. சி-க்கு ஏற்றினேன், சரியாக வருகிறது. பாடுபவர் யாரும் இல்லை. நன்றி.

மரக்கட்டை: மச்சேத்திலிருந்து உடல் வந்தது, மதேராவின் இன்னொரு தந்தி வாத்தியமான ரஜாவோவிலிருந்து ட்யூனிங் வந்தது, ரெண்டும் சேர்ந்த பிறகுதான் அது யுகுலேலே. கனடாவுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.