புதுப்பிப்பு: எங்கள் குடியிருப்பில் பட்டாசுத் தடை என்ன ஆனது?

போன தீபாவளிக்கு ஒரு ராக்கெட் மூன்றாம் மாடி பால்கனிக்குள் புகுந்து, கொடியில் காய்ந்த துணி எரிந்தது. அதனால் வளாகத்துக்குள் பட்டாசையே தடை செய்யலாமா என்று இங்கே கேட்டிருந்தேன்.

சங்கக் கூட்டம் முடிந்தது. முழுத் தடை தேறவில்லை. "வருஷத்துக்கு ஒரு நாள், அதுக்குமா சார்?" என்று ஒருவர் கேட்டதும் பாதிப்பேர் கைதட்டிவிட்டார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் வெடியே வெடிப்பதில்லை என்றேன். "நம்மகிட்ட புறாதானே இருக்கு" என்று சிரித்தார்கள். சரி.

ராக்கெட்டும் சரவெடியும் இனி கூடாது. சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை செய்துவிட்டது பலருக்கு அன்றுதான் தெரிந்தது! மற்றவை பின்பக்க மைதானத்தில் மட்டும், அரசு சொல்லும் காலை 6–7, இரவு 7–8 மணிக்குள். வண்டி நிறுத்துமிடத்தில் புஸ்வாணம்கூட வேண்டாம். அத்தனை பெட்ரோல் டேங்கும் அங்கேதான் நிற்கிறது. மைதானத்தில் தண்ணீர் வாளிகள் இருக்கும். எரிந்த மத்தாப்புக் கம்பியை அதில்தான் போட வேண்டும். சிவப்பு அடங்கினாலும் அந்தக் கம்பி காலைப் பதம் பார்த்துவிடும்.

என்னைக் கேட்டால் இது பாதி வெற்றிதான். மீறினால் அபராதமா என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை காவலாளி சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?