கடற்கரைத் தெரு சொந்தங்கள் குரூப்

ரூபன்: மணப்பாடு மணல்மேட்டுக்குக் கீழ ஓங்கல் (டால்பின்) ஒண்ணு ஒதுங்கிக் கெடக்கு. உயிர் இருக்கு. நாலு பேராவது வாங்க

ஜெனி மைனி: ஐயோ. போட்டோ போடு

சகாயம் அத்தான்: அம்பர் உண்டாடே 😂

பிரகாசி சித்தி: நாளைக்கு நிச்சயம். பந்தலுக்கு வாழை மரம் யார் கொண்டாரிய?

வாத்தியார் மாமா: சகாயம், நீ கேக்குற அம்பர், அந்த வாசனைப் பொருளு, ஸ்பெர்ம் திமிங்கலத்துலதான் உண்டு. வித்தா ஜெயிலு. ரூபா, கேளு. வாலைப் பிடிச்சு இழுக்க விடாத, எலும்பு விலகிரும். குப்புறக் கெடக்கணும். ஈரத்துணி போடு. உச்சந்தலையில ஒரு ஓட்டை இருக்கும், மூச்சே அதுலதான். அதை மூடிராத, தண்ணியும் ஊத்திராத. செல்பி எடுக்க வார பயலுவளைத் தள்ளி நிப்பாட்டு.

ரூபன்: வால்ல கயிறு கட்டிட்டானுவ மாமா

வாத்தியார் மாமா: அவுக்கச் சொல்லு!!

ஜெனி மைனி: பாரஸ்ட்டுக்குச் சொல்லியாச்சா

ரூபன்: அந்தோணி சொல்லுதேன்னான்

அந்தோணி: எப்ப சொன்னேன்? நான் தூத்துக்குடில நிக்கேன்

ஜெனி மைனி: 2016 மாதிரி இன்னும் வருமோ

வாத்தியார் மாமா: அது பைலட் திமிங்கலம். ஜனவரில 80க்கு மேல ஒதுங்குச்சு. வல்லம் படகுல கட்டி இழுத்து விட்டதுல கொஞ்சம் திரும்பக் கரைக்கே வந்துச்சு. கூட்டத்தை விட்டுப் பிரியாது. 40க்கு மேல செத்துச்சு. 1973லயும் இதே கரைதான், 147

சகாயம் அத்தான்: மாமா ஆரம்பிச்சாச்சு

ரூபன்: வால்ல தங்கூசி வலை, நைலான் நரம்பு வலை, சுத்திருக்கு. சதைக்குள்ள இறங்கிருச்சு. பச்சை மிதவை

அந்தோணி: பச்சை மிதவை யாருதுன்னு ஊருக்கே தெரியும்

சகாயம் அத்தான்: என்னடே சாடை? அறுந்துபோன வலைய நடுக்கடல்ல போய்த் தேடவா? என் பங்குப் பணம் ஒழுங்கா வந்திருந்தா எப்பமோ புதுசு வாங்கிருப்பேன்

பிரகாசி சித்தி: தொடங்கிட்டியளா

வாத்தியார் மாமா: சண்டை அப்புறம். கடல் சூடேறி மீனு இடம் மாறினா ஓங்கலும் அது பின்னாலதான் போகும். மீனு இருக்குற இடத்துலதான் நம்ம வலையும் கெடக்கு. அறுந்த வலைன்னாலும் அது மீன் பிடிச்சிட்டேதான் இருக்கும், ஆள்தான் இல்ல

ரூபன்: வலைய வெட்டியாச்சு. மூச்சு விடுது. பாரஸ்ட்டுக்கு நானே போன் போட்டேன், வாராங்களாம். ஆழத்துல விட வல்லம் வேணும்

சகாயம் அத்தான்: வல்லம் தாரேன். டீசல் அந்தோணி போடட்டும்

அந்தோணி: பாக்கலாம்

வாத்தியார் மாமா: ஆபீசர் வந்து பாக்காம தண்ணியில இறக்காதிய. தார்ப்பாய்ல ஏந்தித்தான் தூக்கணும்

ஜெனி மைனி: எங்க தார்ப்பாய் பந்தல்ல கட்டிருக்கே

பிரகாசி சித்தி: பந்தல்ல யாராவது கை வச்சிய, பாத்துக்கோங்க

சகாயம் அத்தான்: அவுத்தாச்சு 🏃