மெயின் கூன் என்று சொல்லி விற்கும் குட்டியை எப்படி அறிவது?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நானும் என் தாயாரும் வசிக்கிறோம். பதினான்கு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த நாட்டுப்பூனை சென்ற தை மாதம் இறந்துவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் ஒருவர் மூன்று மாதக் குட்டியொன்றை மெயின் கூன் என்று சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறார். சாம்பல் நிறம், நீண்ட மயிர், சற்றே தட்டையான முகம். பெயரைக் கேட்டதும் என் தாயார், "முதுகு கூனலாக இருக்குமோ?" என்று கவலைப்பட்டார். இந்த இனம் எங்கிருந்து வந்தது, வளர்ந்தால் எப்படி இருக்கும், வயதானவரோடு ஒத்துப்போகுமா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (உதகை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

அம்மாவிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் தமிழ்க் கூனுக்கும் இப்பெயருக்கும் உறவில்லை, இப்பூனையின் முதுகு நீண்டு நேராகவே இருக்கும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலம் இதன் தாயகம். ரக்கூன் என்னும் விலங்கைப் போல அடர்ந்த, வரியோடிய வால் இருந்ததால் அவ்விலங்குக்கும் பூனைக்கும் பிறந்தது என்று கதை கட்டினார்கள்; இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலால் அது நடக்கவே இயலாது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் பூனைகள் கப்பலேறி வந்தன என்பதும் கதைதான். எலி பிடிப்பதற்காகக் கப்பல்களில் வைத்திருந்த நீள்மயிர்ப் பூனைகள் துறைமுகங்களில் இறங்கி, அங்கிருந்த குறுமயிர்ப் பூனைகளோடு கலந்து, பனி மாதக்கணக்கில் கிடக்கும் அந்நாட்டுக் குளிரைத் தாங்கியவை மட்டும் பண்ணைகளில் தழைத்தன என்பதே நம்பத்தக்க விளக்கம்.

1895இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த பூனைக் கண்காட்சியில் கோஸி என்ற மெயின் கூன் பெண்பூனை முதற்பரிசு பெற்றது. பின்னர் பாரசீகப் பூனைகளின் மோகத்தில் இவ்வினத்தை மறந்தே போனார்கள். மெயின் மக்கள் சிலர் விடாது பேணியதால்தான் அது மீண்டது. 1985இல் அம்மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனையாக அறிவிக்கப்பட்டது.

அதன் உடலைப் பார்த்தாலே பனிநாட்டு வாழ்க்கை தெரியும். தோளில் குட்டையாகவும் வயிற்றிலும் பின்தொடையிலும் நீண்டும் தொங்கும் மயிர், விரலிடுக்குகளில் முளைத்த மயிர்க்கற்றை, படுக்கும்போது முகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் வால், நுனியில் குஞ்சம் வைத்தாற்போன்ற பெரிய காதுகள், இவை யாவும் குளிருக்கு ஏற்றவை. முகவாய் சதுரமாக முன்னே துருத்தியிருக்கும். ஆண்பூனை 6 முதல் 8 கிலோ வரையிலும், சில அதற்கு மேலும் எடை இருக்கும். பெண்பூனை அதைவிடச் சிறியது. முழு வளர்ச்சிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே மூன்று மாதக் குட்டியின் மயிரை மட்டும் பார்த்து இனத்தை உறுதிசெய்ய முடியாது. ஆனால் தட்டையான முகம் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. அது பாரசீகக் கலப்பின் அடையாளமாக இருக்கலாம். தாய் தந்தையை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். இவ்வினத்தில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வருவதுண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றமொன்று 2005இல் கண்டறியப்பட்டது, சோதனையும் உண்டு. அச்சோதனையில் தேறினாலும் நோய் வராது என்று உறுதி கூற இயலாது என்பதால், பெற்றோருக்கு எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையும் வேண்டும்.

பதில் 2 (கொடைக்கானல்)

மருத்துவர் ஐயா தோற்றத்தை விளக்கிவிட்டார். குணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக மெயின் கூன் ஆண்பூனை ஒன்று இருக்கிறது. உருவத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் அதன் குரலைக் கேட்டால் வியந்துபோவார்கள், ஏனெனில் பெரும்பாலும் அது மியாவ் என்று கத்தாமல் சிறு பறவை போலக் கிர்ரென்று ஒலியெழுப்பியே பேசும். மடியில் ஏறி உட்காருவதைவிட, நாம் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்து அருகில் படுப்பதையே விரும்புகிறது. முழங்கால் வலியோடு மெல்ல நடக்கும் என் மாமியாருக்கு அது ஈடாக நடப்பதைப் பார்க்கவே நெகிழ்வாக இருக்கும். குழாய் நீரைக் காலால் அள்ளி விளையாடும். எங்கள் நாயோடும் சண்டையில்லை. ஆயினும் நாளெல்லாம் தனியே விட்டால் வாடிப்போகும்.

மழைமாதங்களில் மயிர் எளிதில் காயாது. அக்குளிலும் வயிற்றிலும் சிக்கு விழுந்தால் தோலே புண்ணாகும். வாரம் இருமுறை அகன்ற பல் சீப்பால் அடிவரை வாருங்கள். குளிரை அது தாங்கும் என்பதற்காக வெளியே உலவவிட வேண்டாம். உங்கள் பகுதியில் சிறுத்தை வீட்டு வாசல்வரை வந்து நாய்களைத் தூக்கிச் செல்வதுண்டு, பூனையை விடுமா? நீலகிரிச் சிரிப்பான் போன்ற, உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் உங்கள் மலையில் உள்ளன என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று கோயம்புத்தூர் சென்று தாய்ப்பூனையைப் பார்த்தேன். மூக்கு அமுங்கி, காது சிறுத்து, அது பாரசீகப் பூனையாகவே தோன்றியது. எக்கோ அறிக்கையும் இல்லை. ஆகவே வாங்காமல் திரும்பிவிட்டேன். அறிக்கை காட்டக்கூடிய வளர்ப்பாளர் கிடைக்கும்வரை காத்திருக்க அம்மாவும் இசைந்துவிட்டார். அதற்குள் பின்கட்டு வராந்தாவுக்குக் கம்பிவலை அடிக்க ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன்.

பதில் 1 (உதகை)

நல்ல முடிவு அம்மா. வலை கனமான கம்பியாக இருக்கட்டும். கொசுவலையை வளர்ந்த மெயின் கூன் ஒரே பாய்ச்சலில் கிழித்துவிடும்.