புதுப்பிப்பு: டி டிரைவில் நிறுவியும் பழைய ஜாவாவே வந்த சிக்கல் தீர்ந்தது

ஜாவா 17-ஐ டி டிரைவில் தனிக் கோப்புறையில் நிறுவிய பிறகும் கட்டளைச் சாளரம் ஜாவா 8 என்றே சாதிக்கிறது என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஜாவா எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ‘வேர் ஜாவா’ (where java) கட்டளையைத் தட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இரண்டு பாதைகள் வந்தன. முதல் வரியில் பழையது. நானோ புதிய பாதையைப் பயனர் ‘பாத்’தின் (PATH, நிரல்களை விண்டோஸ் வரிசையாகத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) உச்சியில் வைத்திருந்தேன். ஆனால் விண்டோஸ் கணினிக்கான ‘பாத்’தை முன்னால் வைத்து, பயனருடையதை அதன் வாலில்தான் ஒட்டுகிறது. கணினி ‘பாத்’தில் உட்கார்ந்திருந்த பழைய பதிவை நீக்கி, புதிய சாளரம் திறந்ததும் 17 வந்துவிட்டது.

ஜாவா திட்டங்களைத் தொகுக்கும் கருவியான மேவன் மட்டும் பிழை காட்டி முரண்டு பிடித்தது. ஜாவா நிறுவிய இடத்தைச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ (JAVA_HOME) மாறியின் முடிவில் ‘பின்’ (bin) கோப்புறையையும் சேர்த்து எழுதியிருந்தேன், என் தவறுதான். அதை வெட்டிய பிறகும் அதே பிழை! நிரல் எழுதும் எடிட்டருக்குள் இருந்த கட்டளை முனையம் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. எடிட்டரையே மூடித் திறக்க வேண்டும் என்று புரிவதற்குள் அரை மணி நேரம் போயிற்று.