வாட்ஸ்அப் கால்ல பாட்டு போட்டா தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி இருக்கு. நாலு ஊர்ல இருக்கற நண்பர்கள் சேர்ந்து கேக்க சரியான வழி என்ன?

மழைச்சாரல்:

நாங்க நாலு பேர். சென்னை, மதுரை, கோவை, சிங்கப்பூர்னு ஆளுக்கு ஒரு ஊர். வெள்ளிக்கிழமை ராத்திரி இங்க 9:30, சிங்கப்பூர்ல 12 மணிக்கு ஒரு மணி நேரம் ஒரே பாட்டை ஒரே நேரத்துல கேக்கணும், நடுவுல பேசிக்கணும். கோவைக்காரர் கிட்ட ஐபோன், மத்த மூணு பேருக்கும் ஆண்ட்ராய்டு. சென்னைக்கும் மதுரைக்கும் ஸ்பாட்டிஃபை பிரீமியம் இருக்கு, மத்த ரெண்டு பேருக்கு இலவசக் கணக்கு.

இப்போதைக்கு வாட்ஸ்அப் குரூப் கால் போட்டு, ஒருத்தர் ஸ்பீக்கர்ல பாட்டு விட்டு போனை பக்கத்துல வைக்கிறோம். குரல் மட்டும் கொஞ்சம் தெரியுது. தபேலா, வயலின் எல்லாம் வந்து வந்து மறையுது. புளூடூத் இயர்பட்ஸ் போட்டா இன்னும் மோசம்.

இன்னொரு கேள்வி. நாலு பேரும் ஊருக்கு வரும்போது மொட்டை மாடியில உக்காந்து கேப்போம். சத்தம் பத்தலைன்னு ரெண்டு போன்ல ஒரே பாட்டை ஒண்ணா விட்டா எதிரொலி மாதிரி அடிக்குது. ஸ்பாட்டிஃபைல சேர்ந்து கேக்கற வசதியான ஜாம்ல விட்டாலும் அதே கதைதான். இதுக்கு வழி உண்டா?

ஒலிவழி:

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: பாட்டை கால் வழியா அனுப்பவே அனுப்பாதீங்க. கால் ஆப் பேச்சுக்காகச் செஞ்சது. அதுல ரெண்டு வடிகட்டி எப்பவும் ஓடிட்டே இருக்கும். ஒண்ணு இரைச்சலை அடக்கறது. மின்விசிறி, தெருச் சத்தம் மாதிரி பேச்சு இல்லாத எதையும் அது வெட்டும். தம்புரா சுருதி, வயலினோட நீண்ட ஸ்வரம் எல்லாம் அதுக்கு மின்விசிறி மாதிரிதான், அதான் வந்து வந்து மறையுது. ரெண்டாவது எதிரொலியை அழிக்கறது. உங்க போன் ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மைக்ல திரும்ப விழுந்தா அதை அடிச்சிடும். ரெண்டு பக்கமும் அதே பாட்டு ஓடினா இது குழம்பி, பேசறவங்க குரலையும் சேத்து வெட்டும்.

சரியான அமைப்பு இதுதான்: ஒவ்வொரு போனும் பாட்டைத் தானே இணையத்துல இருந்து இழுக்கணும். "இப்போ இந்தப் பாட்டு, இந்த நொடி" அப்படிங்கற தகவல் மட்டும் போன்களுக்குள்ள போகணும். ஸ்பாட்டிஃபைல 2023-ல வந்த ஜாம் அதைத்தான் செய்யுது. 32 பேர் வரைக்கும் சேரலாம்.

பாட்டை ஓட விட்டு, மூணு புள்ளியைத் தொட்டு 'ஸ்டார்ட் எ ஜாம்' கொடுங்க. வர்ற இணைப்பை உங்க குரூப்ல போடுங்க. தொடங்கறவர் பிரீமியமா இருக்கணும். வேற வேற ஊர்ல இருந்து சேரணும்னா சேர்றவங்களுக்கும் பிரீமியம் வேணும். இலவசக் கணக்குக்காரங்க ஒரே இடத்துல, ஒரே வைஃபைல இருந்தா மட்டும் சேரலாம். அதனால உங்க நாலு பேர்ல ரெண்டு பேர் இப்போதைக்கு வெளியதான். ஃபேமிலி திட்டத்துல சேத்துடலாம்னு யோசிக்காதீங்க, அது ஒரே முகவரியில குடியிருக்கறவங்களுக்கு.

டேட்டா கணக்கு: 96 கிலோபிட் தரத்துல மணிக்கு ஏறக்குறைய 43 எம்பி, 160-ல 72 எம்பி, 320-ல 144 எம்பி. மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் தரத்தைத் தனித்தனியா வைக்கலாம். சிக்னல் மங்கலான இடத்துல இருக்கறவர் 96-க்கு இறக்கிடட்டும். 320-ல திணறி நாலு நொடி பின்தங்கறதை விட அது எவ்வளவோ மேல்.

நேரம் விலகிட்டா எல்லாரும் வெளிய வந்து திரும்பச் சேர வேண்டாம். விலகினவர் மட்டும் ஜாம்ல இருந்து வெளிய வந்து அதே இணைப்புல சேர்ந்தா போதும்.

கம்பிவிரும்பி:

இயர்பட்ஸ் ஏன் மோசம்னு யாரும் சொல்லலையே. புளூடூத் ஹெட்செட்டுக்கு ரெண்டு முகம் உண்டு. பாட்டு கேக்கறதுக்கு ஒரு வழி, அது ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனா மைக் கிடையாது. கால் பேசறதுக்கு இன்னொரு வழி, அதுல மைக் உண்டு, ஆனா மோனோ, மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்குதுங்கறது) 8 இல்லைன்னா 16 கிலோஹெர்ட்ஸ்தான். கால் ஆப் மைக்கைத் திறந்த உடனே ஹெட்செட் ரெண்டாவது வழிக்கு மாறிடும். அந்த நிமிஷமே பாட்டோட மேல் பாதி போச்சு. ஜால்ரா, சலங்கைச் சத்தமெல்லாம் செத்துடும். இயர்பட்ஸ் விலை எவ்வளவா இருந்தாலும் பழைய புளூடூத் முறையில இது இப்படித்தான்.

தீர்வு கம்பி இயர்போன். போன்ல ஓட்டை இல்லைன்னா டைப்-சி மாற்றி ஒண்ணு வாங்குங்க. வாங்கும்போது டாக் சிப் (டிஜிட்டலை அனலாக் ஒலியா மாத்தறது) உள்ள மாற்றியாப் பாருங்க. சில போன்ல டைப்-சி வழியா அனலாக் ஒலி வராது, சிப் இல்லாத மாற்றி அதுல வேலையே செய்யாது.

கம்பி பிடிக்காதுன்னா, காலை வேற கருவியில போடுங்க. பழைய போன் மேசை மேல காலுக்கு, காதுல இருக்கற இயர்பட்ஸ் பாட்டு போனுக்கு மட்டும்.

ஷேர்பிளே_கோவை:

ஐபோன் பக்கம் நான் சொல்றேன். ஆப்பிளோட கால் ஆப் ஃபேஸ்டைம்ல ஷேர்பிளேங்கற சேர்ந்து கேக்கற வசதி ஐஓஎஸ் 15.1-ல இருந்து, அதாவது 2021 அக்டோபர்ல இருந்து இருக்கு. கால் போட்டுட்டு ஆப்பிள் மியூசிக்ல பாட்டைத் தொட்டா எல்லாருக்கும் ஓடும். யாராவது பேசினா பாட்டு தானா தணிஞ்சு, பேசி முடிச்சதும் ஏறும். இந்த ஒரு விஷயத்துல வேற எதுவும் இதுக்குப் பக்கத்துல வரலை. ஆனா எல்லாருக்கும் ஆப்பிள் மியூசிக் சந்தா வேணும். ஆண்ட்ராய்டுக்காரங்க இணைப்பு வழியா ஃபேஸ்டைம் காலுக்கு வரலாம், ஷேர்பிளேல சேர முடியாது. உங்க குழுவுக்கு இது ஒத்து வராது.

கோவை நண்பருக்கு ஒரு குறிப்பு: ஐபோன்ல வாட்ஸ்அப் கால் நடக்கும்போது வேற ஆப்ல பாட்டு பெரும்பாலும் நின்னுடும். அவருக்கு ரெண்டாவது கருவி கட்டாயம். இல்லைன்னா பாட்டுக்கு நடுவுல எழுத்துல பேசிக்கிட்டு, ரெண்டு மூணு பாட்டுக்கு ஒருதரம் கால் போடுங்க. எனக்குக் கேட்டா அதுதான் நல்ல முறை. பாட்டு ஓடும்போது பேசாம இருந்தாத்தான் சேர்ந்து கேட்ட மாதிரி இருக்கும்.

மூன்றாம்மாடி:

மொட்டை மாடிக் கேள்விக்கு வருகிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி. ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து 30 மில்லிநொடி இடைவெளிக்குள் வந்தால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். 50-ஐத் தாண்டினால் எதிரொலி. இது பாட்டைப் பொறுத்தும் மாறும். நாதஸ்வரத்தின் நீண்ட பிடியில் 40 மில்லிநொடி தெரியாது. தவில் சொல் விழும்போது 20 மில்லிநொடியே 'தட்-தட்' என்று இரட்டிக்கும்.

இரண்டு போனில் கையால் பிளே அழுத்தினால் 100 முதல் 300 மில்லிநொடி வரை விலகும். ஜாம் ஓரளவு சேர்த்துவிடும், ஆனால் அது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வெவ்வேறு வீட்டில் கேட்பதற்குப் போதுமானது. ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப் போதாது. அதோடு ஒவ்வொரு புளூடூத் ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம் உண்டு. ஒன்று 150 மில்லிநொடி, இன்னொன்று 250 என்றால் போன்கள் துல்லியமாகச் சேர்ந்தும் பயனில்லை.

ஆகவே ஒரே இடத்தில் ஒரு போன், ஒரு ஸ்பீக்கர். மற்றவர்கள் ஜாமில் சேர்ந்து வரிசையில் பாட்டு மட்டும் போடட்டும். இங்கே இலவசக் கணக்கு நண்பர்களும் சேரலாம், எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

சத்தம் போதாது என்று சொல்வதற்குக் காரணம் ஸ்பீக்கர் மட்டும் அல்ல. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் இறங்கும், திருப்பி அனுப்பச் சுவரும் கிடையாது. ஸ்பீக்கரை நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவர் இரண்டு சேரும் மூலையில், தரையை ஒட்டி வைத்துப் பாருங்கள். அடிநாதம் எழும்பி வரும். மூலையிலிருந்து மூன்று மீட்டருக்குள் அரைவட்டமாக உட்காருங்கள். பித்தளைச் செம்புக்குள் போனைப் போடும் வழக்கம் சத்தத்தைக் கூட்டும், ஆனால் அந்தச் செம்பின் அதிர்வெண்ணை மட்டும்தான் கூட்டும். பாட்டு கெட்டுப்போகும்.

இரண்டாவது ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால் முதலில் இருப்பதோடு இணையும் மாதிரியா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் என்பது போதாது. ஜேபிஎல்லில் கனெக்ட்பிளஸ் என்ற இணைப்பு முறை உள்ளதும் பார்ட்டிபூஸ்ட் என்ற முறை உள்ளதும் ஒன்றோடொன்று சேராது. ஆராகாஸ்ட் என்ற முறை உள்ள புதிய மாதிரிகள் பார்ட்டிபூஸ்ட்டோடு சேராது.

கம்பிவிரும்பி:

பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாம ராத்திரி ரெண்டு பேர் கேக்கறதுக்கு: சாம்சங்ல மேல இருந்து இழுத்து மீடியா அவுட்புட் போய் ரெண்டு ஹெட்செட்டையும் டிக் பண்ணலாம். ஐபோன்ல ஏர்பாட்ஸ், சில பீட்ஸ் மாடல்கள் மட்டும் அப்படி ரெண்டு சேரும். கம்பின்னா 3.5 மிமீ பிரிப்பான் ஒண்ணு போதும். ரெண்டு 32 ஓம் (மின்தடை அளவு) இயர்போன் சேர்ந்தா போனுக்கு 16 ஓமாத் தெரியும், அதை ஓட்டிடும். ஆனா ஒரே மாடலா இருக்கணும். 16-ம் 32-ம் கலந்து போட்டா 16 ஓம்காரருக்கு ரெண்டு மடங்கு சக்தி போகும். அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார், இன்னொருத்தர் கூட்டச் சொல்வார்.

மழைச்சாரல்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மாடி விஷயம் தெளிவாயிடுச்சு, மூலையில வெச்சுப் பாக்கறோம். கோவைக்கும் சிங்கப்பூருக்கும் பிரீமியம் எடுக்க இப்போ வழி இல்லை. சந்தா இல்லாம ஏதாவது செய்யலாமா? அப்புறம் சிங்கப்பூர்காரருக்குச் சில பாட்டு சாம்பல் நிறத்துல தெரியுது, தொட்டா ஓடலை.

ஒலிவழி:

சாம்பல் நிறம்னா அந்தப் பதிப்புக்கு அந்த நாட்டுல உரிமம் இல்லைன்னு அர்த்தம். அதே பாட்டு வேற தொகுப்புல, வேற லேபிள்ல இருக்கலாம். தேடிப் பாக்கச் சொல்லுங்க. வியாழக்கிழமையே பட்டியலை அனுப்பி அவர் பக்கம் எது ஓடுதுன்னு பாத்துட்டா வெள்ளிக்கிழமை தடங்கல் இருக்காது.

சந்தா இல்லாத வழி கையால தொடங்கறதுதான். பாட்டுப் பேரை அனுப்பாம இணைப்பை அனுப்புங்க. படத்துல வந்த பதிப்புக்கும் ஆல்பத்துக்கும் தொடக்கத்துலயே சில நொடி வித்தியாசம் இருக்கும். எல்லாரும் பாட்டைத் திறந்து 0:00-ல நிறுத்தி வெச்சுக்கங்க. கால்ல 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எண்ணாதீங்க. குரல் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற தாமதத்துல போய்ச் சேரும். அதுக்குப் பதிலா நொடி காட்டற கடிகாரத்தை வெச்சு '9:35:00' மாதிரி ஒரு நேரம் சொல்லுங்க. நேரத்தைத் தானா அமைக்கற வசதி போன்ல இயக்கத்துல இருந்தா எல்லார் கடிகாரமும் ஒரு நொடிக்குள்ளதான் இருக்கும். இயர்போன்ல கேக்கறவங்களுக்கு அரை நொடி வித்தியாசம் தெரியவே தெரியாது, கூடப் பாடினாத்தான் தெரியும்.

நாலு பேரும் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது கலந்து தொடங்கற வசதி) 0 ஆக்கிடுங்க. ஒருத்தர் மட்டும் 5 நொடி வெச்சிருந்தா ஒவ்வொரு மாற்றத்துலயும் 5 நொடி முந்துவார். பத்துப் பாட்டு முடியறதுக்குள்ள 45 நொடி. விளம்பரம் எப்போ விழும்னு சொல்ல முடியாததால பட்டியலா ஓட விடாதீங்க, ஒவ்வொரு பாட்டுக்கும் புதுசா நேரம் குறிங்க. ஆண்ட்ராய்டுல அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்தி வைங்க, இல்லைன்னா திரை அணைஞ்ச சில நிமிஷத்துல சில போன்கள் ஆப்பை மூடிடும்.